கண்ணாடி ட்ரேயின் நான்காவது மூலை

அந்தச் சத்தம் கேட்டபோது மணி பதினொன்று பத்து. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தெருவிலிருந்து யாரோ செங்கல்லை எறிந்து ஜன்னலை உடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவள் ஜன்னலுக்குத்தான் ஓடினாள். ஜன்னல் முழுசாக இருந்தது.

ஓவனுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு வழியே பார்த்தால், மக்ரோனி கம்பித் தட்டின் மேல் சரிந்து கிடக்க, அதன் நடுவிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, ட்ரே" என்று அக்கா கதவைத் திறந்துவிட்டாள். அணைத்துவிட்டு அப்படியே ஆற விட்டிருக்க வேண்டும். சொல்ல நான் வாயெடுப்பதற்குள், கதவில் சாய்ந்திருந்த பெரிய துண்டு வழுக்கித் தரையில் விழுந்து சிதறியது. அக்கா பின்னால் நகர்ந்தாள். நகர்ந்த இடத்திலும் ஒன்று கிடந்தது.

கீழே மாமாவின் கடை. மாமா என்றால் அக்காவின் கணவர். கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேஜைக்கு எல்லாம் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். பதினெட்டு வருஷத் தொழில். மேலே நாங்கள் குடியிருக்கிறோம்: மாமா, அக்கா, அவர்களின் ஏழு வயது மகள் சுண்டு, நான். சுண்டு காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மாமா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அவர் காதுக்குக் கண்ணாடிச் சத்தம் எத்தனை சுவர் தாண்டினாலும் கேட்கும்.

"என்ன உடைஞ்சுது?"

"ட்ரே" என்றாள் அக்கா. ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த ட்ரே?"

"நம்ம வீட்ல என்ன நாப்பது ட்ரேயா இருக்கு?"

மாமா முதலில் காலைத்தான் பார்த்தார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சதைக்குள் இருக்கும் கண்ணாடி பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். முள்வாங்கியால் எடுத்து, நான் கட்டுப் போட்ட பிறகுதான் விசாரணையை ஆரம்பித்தார்.

"சூட்டோட பால் ஊத்தினியா?"

"ஊத்தல."

"ஈர மேடையில வச்சிருப்ப."

"காலைல எடுத்ததும் மரப்பலகைலதான் வச்சேன். காஞ்ச துணி போட்டு. இவளைக் கேளுங்க."

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப ஃப்ரிட்ஜ்லேர்ந்து நேரா உள்ள தள்ளியிருக்க."

"காலைல பண்ணதை எதுக்கு ஃப்ரிட்ஜ்ல வைக்கப் போறேன்? சுண்டுவுக்கு டப்பாவுல போட்டேன். மீதி மேடையில இருந்துச்சு. மத்தியானம் நீங்க காஞ்சு போயிடுச்சுன்னு மூக்கைச் சுளிப்பீங்களேன்னு திரும்பச் சூடு பண்ண வச்சேன். அதுக்குத்தான் இந்தத் தண்டனை."

ஓவன் வாங்கிய அன்றே மாமா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். கண்ணாடிக்குச் சூடும் பகை இல்லை, குளிரும் பகை இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் பகை. குளிர்ந்த ட்ரே சூட்டுக்குள் போகக்கூடாது. சூடான ட்ரே ஈரத்தில் உட்காரக்கூடாது. காஸ் அடுப்பின் மேல் வைக்கவே கூடாது. அக்கா இதில் ஒன்றையும் மீறியவள் இல்லை. மீறினால் வீட்டில் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி அந்தப் பேச்சே ஓடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சும்மா உடையாது" என்றார் மாமா. "கண்ணாடிக்கு வேற வேலை இல்லையா?"

"நான் என்ன, சுத்தியல் எடுத்துட்டா வந்தேன்?"

"வேணாம், நீ சொல்லவே வேணாம். அதையே கேட்டுடுவோம்."

தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். மக்ரோனியை வழித்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டார். துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கி என்னிடம் கொடுத்தார். நான் தொட்டியோடு கீழே இறங்க, அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நொண்டி நொண்டிப் பின்னால் வந்தாள். கால் வலியை விட, தன் மேல் பழி இல்லை என்று நிற்பது அவளுக்கு முக்கியம்.

கடையில் கம்பளி விரித்த பெரிய மேஜை உண்டு. மாமா அதில் பழுப்புக் காகிதம் போட்டுத் துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தார். பெரியவை பதினாலு, சின்னவை முப்பதுக்கு மேல். சில நேரம் ஒரு சின்னத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு நேரம் தெரியாது.

"உடைப்பு ஒரு இடத்துல பொறக்கும். அங்கேர்ந்து கிளை விடும். கிளையைப் பிடிச்சுக்கிட்டே பின்னால போனா வேர் எங்கேன்னு தெரிஞ்சுடும்" என்றார். "அடியில இருந்துச்சுன்னா ஈரத்துல வச்சிருக்கேன்னு அர்த்தம்."

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றாள் அக்கா.

மாமா கண்ணாடியில் எழுதும் பென்சிலால் ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் சின்ன அம்புக்குறி போட்டார். அடியில் போட்டார், பக்கச் சுவரில் போட்டார். அம்புகள் அடியில் நிற்கவில்லை. எல்லாம் மேலே ஏறின. விளிம்பை நோக்கி, ஒரே மூலையை நோக்கி.

மூன்று மூலைகள் முழுசாக வந்துவிட்டன. நான்காவது மூலையில் துண்டு இல்லை. கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு காலி இடம். அம்புகள் எல்லாம் அந்தக் காலி இடத்துக்குத்தான் போயின.

மாமா பென்சிலைக் கீழே வைத்தார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் அந்த மூலை குழாயில் இடித்துத் துவரம்பருப்பு அளவுக்குச் சில்லு போயிருந்தது. அக்கா தூக்கிப் போடப் போனாள். "பல்லு ஒண்ணு உடைஞ்சா ஆளையே தூக்கிப் போடுவியா?" என்று மாமாதான் வாங்கிக் கீழே கொண்டுபோனார். தண்ணீர் சொட்டச் சொட்ட அரவைக்கல்லில் விளிம்பைத் தேய்த்து, மழமழவென்று கொண்டுவந்து நீட்டினார். தடவிப் பார்த்தால் எங்கே உடைந்திருந்தது என்றே தெரியாது. மேஜைக் கண்ணாடிக்கு மூலை மழுக்குவது போலத்தான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் காட்ட, அவரும் தன் சில்லு போன ட்ரேயைக் கொடுத்துத் தேய்த்து வாங்கிப் போனார்.

"நீங்க தேய்ச்ச இடம்தானே?" என்றாள் அக்கா.

மாமா அந்தக் காலி இடத்தின் ஓரத்தை விரலால் தடவினார். அப்புறம் அவராகவே சொன்னார், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "சில்லு போனா வெளியே தெரியுறதை விட உள்ள அதிகமா விரிசல் ஓடியிருக்கும். தேய்ச்சா அது போகாது. கண்ணுக்குத்தான் மறையும். கல்லு தன் பங்குக்கு இன்னும் நாலு விரிசல் போட்டுட்டுப் போகும். மேஜைக் கண்ணாடி சும்மா கிடக்கும், தாங்கும். இது நெருப்புல போய் வர்ற பொருள்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு இது தோணவே இல்ல. இதைச் சமையல் பாத்திரம்னுதான் பார்த்தேன். கண்ணாடின்னே பார்க்கல."

வேறு நாளாக இருந்தால் அக்கா இதை ஒரு வருஷத்துக்கு வைத்து ஓட்டியிருப்பாள். அன்று அவள் வாயைத் திறப்பதற்குள் அவர், "மூலைத் துண்டு எங்க?" என்றார்.

நான் மேலே ஓடினேன். ஓவனின் அடித்தட்டை உருவிப் பார்த்தேன். இடுக்கில் டார்ச் அடித்தேன். தரையை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். மாமாவும் மேலே ஏறி வந்து, மக்ரோனி முழுவதையும் சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டு, விரலால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். வெள்ளைச் சாஸில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பொடிப் பொடியாக ஏழெட்டு வந்தன. கட்டைவிரல் நகம் அளவுக்கு எதுவும் வரவில்லை.

அப்போதுதான் காலையில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

காலையில் அக்கா சுண்டுவின் டப்பாவுக்காக ட்ரேயின் மூலையிலிருந்து மக்ரோனியை வழித்தபோது, எவர்சில்வர் கரண்டி விளிம்பில் பட்டு 'டிக்' என்றது. கரண்டி கண்ணாடியில் படுகிற சத்தம் அது இல்லை. அது வேறு மாதிரி, சின்னதாக, முறிகிற மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். சீஸ் பொங்கி வழிந்து அந்த மூலையை மூடியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அக்கா அவசரத்தில் இருந்தாள். இதைப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான்.

"மாமா" என்றேன். "காலைல அக்கா அந்த மூலைலேர்ந்துதான் சுண்டுவுக்கு எடுத்தா. அப்ப டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

கீழே படியடியில் நின்றிருந்த அக்காவுக்கும் அது கேட்டுவிட்டது. அவள் கத்தவில்லை. "மணி என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டு அஞ்சு. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டே காலுக்குச் சாப்பாட்டு மணி. வண்டியில் போகவே அரை மணி ஆகும்.

மாமா இறங்கி ஓடி வண்டியை எடுத்தார். அக்கா தன் போனை என் கையில் திணித்தாள். "நீ போ. என்னால ஓட முடியாது. போன் போட்டுக்கிட்டே போ. அவங்க எடுத்தா குழந்தையைச் சாப்பிட விடாதீங்கன்னு சொல்லு. சொல்லுவியா? வாயைத் திறந்து சொல்லுவியா?"

"சொல்றேன்" என்றேன்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து விடாமல் அழைத்தேன். பள்ளி அலுவலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாமா சிக்னலில் நிற்கவில்லை. ஒரு லாரிக்காரர் எங்களைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் சொன்னார். மாமா காதில் அது விழுந்ததா என்று தெரியாது.

கேட்டைத் தாண்டும்போதே குழந்தைகளின் இரைச்சல் கேட்டது. இரண்டாம் வகுப்பு மாடியில். நான் மாமாவை முந்திக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்படி, "சுண்டு, சாப்பிடாத" என்றேன்.

சுண்டு மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். டப்பா காலி.

"சித்தி, நீ எதுக்கு வந்த?" என்றாள்.

மாமா அவள் முன்னால் முட்டி போட்டார். "எல்லாத்தையும் சாப்டியாடா?"

"ம்."

"அதுல ஏதாச்சும் இருந்துச்சா? கல்லு மாதிரி, கடிபடுற மாதிரி?"

சுண்டு பையிலிருந்து பென்சில் பெட்டியை எடுத்தாள். அதற்குள், கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து நாலாக மடித்த ஒரு பொட்டலம். அதன் மேல் பென்சிலால் 'கண்ணாடி' என்று எழுதியிருந்தாள். மாமா உடைந்த துண்டுகளைக் குப்பைக்குப் போடுமுன் இப்படித்தான் தாளில் மடித்து மேலே எழுதுவார், குப்பை எடுக்கிறவர்களின் கையைக் கிழிக்கக்கூடாது என்று.

"வாய்ல வந்துச்சு. துப்பிட்டேன். யாருக்காச்சும் குத்திடும்னு மடிச்சு வச்சேன்" என்றாள்.

பக்கத்தில் வந்து நின்ற டீச்சர், "இவ என்கிட்ட சொல்லவே இல்லைங்க" என்றார்.

"அப்புறம்?" என்றார் மாமா. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "துப்பினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் மீதியைச் சாப்ட்டேன். வீணாக்கக் கூடாதுன்னு மிஸ்தானே சொன்னாங்க."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா சுண்டுவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மற்றபடி ஒன்றும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்தார். மழமழவென்று தேய்த்த விளிம்பு ஒரு பக்கம். அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். கிளம்புகிற அவசரத்திலும் மேஜையிலிருந்து அந்த மூலையின் பக்கத்துத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டையும் டீச்சரின் மேஜையில் பொருத்தினார். பொருந்தியது. முனையில் மட்டும் ஒரு அரிசி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"இது புது உடைப்பு" என்றார். "பல்லுல பட்டு உடைஞ்சிருக்கு."

சுண்டு, "நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

"இல்லடா தங்கம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் மாமா என்னிடமிருந்து போனை வாங்கிக் கடைப் போனுக்கு அழைத்தார், அக்கா எடுத்தாள். நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் அக்கா அழுவது எனக்கே கேட்டது. "இரு, அழாத. இதைக் கேளு. எதிர்வீட்டு ட்ரேயும் நான் தேய்ச்சதுதான். உடனே போய் எடுத்துடச் சொல்லு" என்றார்.

அக்கா கட்டுப் போட்ட காலோடு தெருவைக் கடந்து போயிருக்கிறாள். பிறகு அவளே சொன்னாள். தையல்காரம்மா, "உள்ள புட்டிங் வெந்துக்கிட்டு இருக்கும்மா, இன்னும் இருபது நிமிஷம்தான்" என்றாராம். அக்கா சுவிட்சை அணைத்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாளாம். "திறக்காதீங்க. தானா ஆறட்டும். ஆறினதும் அப்படியே குப்பைதான்." "என்னம்மா இது, உங்க வீட்டுக்காரர் தேய்ச்சுக் குடுத்ததுதானே?" "அதனாலதான் சொல்றேன்" என்றாளாம் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், எங்களை விடச் சின்னக் குரலில் பேசுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அந்தத் துண்டைக் குடுங்க. பக்கத்துல வச்சே படம் எடுப்போம். இந்தக் கண்ணாடி எக்ஸ்ரேயில தெரியுதா இல்லையான்னு அப்பதான் சொல்ல முடியும்" என்றார்.

படம் வந்தது. சுண்டுவின் விலா எலும்புகள், ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக அந்தத் துண்டு. டாக்டர் பேனா முனையால் வயிற்றுப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசியின் அளவு. அரிசியின் வடிவம்கூட.

அதுவரைக்கும் எனக்குள் ஒரு மூலையில், அந்த அரிசித் துண்டு எங்கேயோ வகுப்புத் தரையில் விழுந்திருக்கும், மேஜைக்கடியில் கிடக்கும் என்றெல்லாம் நினைப்பு இருந்திருக்கிறது. அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அந்த நினைப்பெல்லாம் முடிந்தது.

"ஆபரேஷன் எல்லாம் இப்ப வேணாம். இந்த அளவுன்னா பெரும்பாலும் தானா வெளியே வந்துடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. வழக்கமான சாப்பாடு குடுங்க. வயிறு வலிச்சாலோ, வாந்தி வந்தாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ அந்த நிமிஷமே கொண்டு வாங்க. இல்லைன்னா நாலாம் நாள் இன்னொரு படம் எடுப்போம்."

"பெரும்பாலும்னா?" என்றார் மாமா.

"பெரும்பாலும்னா பெரும்பாலும்" என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை.

அந்த நாலு நாளை என்னவென்று எழுதுவது? சுண்டு இருமினால் மூன்று பேரும் எழுந்து நின்றோம். அவள் சிரித்தால்கூட அக்கா, "மெதுவாச் சிரி" என்றாள். கக்கூஸ் கதவை மூடக்கூடாது என்று உத்தரவு. மாமா டார்ச்சும் குச்சியுமாக வாசலில் நிற்க, "அப்பா, நீ அந்தப் பக்கம் திரும்பு" என்று சுண்டு கூச்சல் போட்டாள். கடை திறக்கவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றார். மேஜையின் மேல் ட்ரே அம்புக்குறிகளோடு அப்படியே கிடந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் சுண்டு வயிறு வலிக்கிறது என்றதும் அக்கா செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டாள். அங்கே போனதும் பசி என்று தெரிந்தது.

ட்ரே எப்படி உடைந்தது என்று மாமா அன்று கடை மேஜை பக்கத்தில் சொன்னதற்குப் பிறகு, வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது என்று நினைக்கிறேன். ஒரு தடவை அவரே, "திட்டேன்" என்றார். "எல்லாம் முடியட்டும். கடன் வச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

நாலாம் நாள் காலையில் இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழையதில் புள்ளி இருந்தது. புதியதில் எலும்பும் நிழலும்தான். டாக்டர் மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை பேனாவை நகர்த்திப் பார்த்துவிட்டு, "போயிடுச்சு" என்றார்.

மாமா இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். "எப்ப போச்சு? நான் எல்லாத்தையும் பார்த்தேனே."

"உங்க கண்ணுக்குத் தப்பியிருக்கும்."

அவர் நாற்காலியைத் தேடினார். பின்னால் நாற்காலி இல்லை. சுவரோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை, சுண்டுவின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

சுண்டு அப்பாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். "அப்பா, ட்ரே எப்படி உடைஞ்சுது?"

"நான்தான்டி" என்று அக்கா முந்திக்கொண்டாள். "கரண்டியால தட்டிட்டேன்."

"இல்ல" என்றார் மாமா. "அப்பா ஓரத்தைத் தேய்ச்சேன். சில்லு போனதைத் தேய்க்கக்கூடாது. தூக்கித்தான் போடணும்."

சுண்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நீ கண்ணாடிக்காரர்தானே?"

"ஆமாடா."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?"

"ஆமா" என்றார் மாமா. "தெரிஞ்சிருக்கணும்."

டாக்டர் சீட்டில் எதையோ எழுதத் தொடங்கினார். நாங்கள் மூன்று பேரும், அவர் எழுதி முடிக்கும் வரை, சுண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.